விசையை அழுத்துமுன் திரையைப் படியுங்கள்

சர்வரை இயக்கியதும், விண்டோஸோ லினக்ஸோ எழுவதற்கு முன்பே கறுப்புத் திரையில் சில வரிகள் ஓடும். வட்டுகளைக் கூட்டாக ஆளும் ரெய்டு கன்ட்ரோலரின் அறிக்கை அது. பலரும் அதை வெறும் சடங்காக எண்ணுகிறார்கள். ரெய்டு 5 அமைப்பில் ஒரு வட்டு செத்தாலும், மற்ற வட்டுகளில் பரவியிருக்கும் பாரிட்டி தகவலைக் கொண்டு கன்ட்ரோலர் வேலையை ஓட்டிவிடும். கோப்புகள் திறக்கும், யாரும் புகார் சொல்லமாட்டார்கள். அந்தத் திரையில் ‘ஆப்டிமல்’ என்றிருந்த இடத்தில் ‘டிகிரேடட்’ என்று மட்டும் மாறியிருக்கும். அந்த நிலையில் இன்னொரு வட்டும் போனால் தொகுதி மொத்தமும் போச்சு.

கண்காணிப்பு மென்பொருள் மின்னஞ்சல் அனுப்புமே, திரையை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயம்தான், அதை யாராவது நிறுவியிருந்தால்! இயங்குதளத்துக்குத் தெரிவது பொதுவாக ஒரே ஒரு மெய்நிகர் வட்டுதான். தவிர, சில முடிவுகளைக் கன்ட்ரோலர் அந்தத் திரையிலேயே நம்மிடம் கேட்கிறது. ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்று வந்தால், வட்டில் எழுதியுள்ள அமைப்பு விவரம் கன்ட்ரோலரிடம் இருப்பதோடு பொருந்தவில்லை என்று பொருள். கேபிள் தளர்ந்தாலும், வேறு சர்வரின் வட்டைச் செருகினாலும் இது வரும். வட்டிலுள்ள அந்த விவரத்தை இறக்குமதி செய்தால் தொகுதி திரும்பக் கிடைக்கலாம். ஆனால் எப்போதோ விலகிப்போன பழைய வட்டாக இருந்தால் அதுவே வினையாகும். பதற்றத்தில் ‘கிளியர்’ கொடுத்தாலோ வட்டிலுள்ள அமைப்பு விவரமே அழியும். ஆகவே எந்த விசையையும் தொடுமுன் அந்தத் திரையைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.