700 டிகிரியில் பதினோரு ஆண்டுகள்

ஜெர்மனியின் யூலிஷ் ஆராய்ச்சி மையத்தில், 2007 ஆகஸ்ட் மாதம், இரண்டே கலங்கள் கொண்ட ஒரு திட ஆக்சைடு எரிபொருள் மின்கல அடுக்கைச் சூடேற்றி ஓடவிட்டார்கள். வெப்பம் 700 டிகிரி செல்சியஸ். அதை அணைத்தது 2019 ஜனவரியில்! ஒரு லட்சம் மணி நேரத்தைத் தாண்டிய அந்தச் சோதனையில், சுமார் 93,000 மணி நேரம் அது மின்சாரமும் தந்தது.

திருச்சி ஆர்.இ.சி.யில் படித்த கே.ஆர்.ஸ்ரீதரின் அமெரிக்க நிறுவனமான புளூம் எனர்ஜி விற்பதும் இந்த வகைக் கலங்களைத்தான். மின்சாரம் பிறப்பது பீங்கானில். ஆனால் கலத்தோடு கலத்தை இணைக்கவும், எரிவாயுவும் காற்றும் கலந்துவிடாமல் தடுக்கவும் இடையில் ஒரு தகடு வேண்டும். வேலை வெப்பம் 700, 800 டிகிரிக்கு இறங்கிய பிறகே அதை எஃகில் செய்ய வழி பிறந்தது.

வந்தது வேறொரு வம்பு. எஃகை அந்தச் சூட்டில் காப்பாற்றுவது அதன் மேல் தானாகப் படரும் குரோமிய ஆக்சைடு. ஆக்சிஜனும் நீராவியும் பட்டால் அதுவே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, காற்றுப் பக்க மின்முனையில் போய்ப் படிந்து, வினை நடக்கும் இடங்களை அடைத்துவிடும். அலுமினிய ஆக்சைடு படரும் எஃகைப் போடலாமே என்றால், அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. குரோமியத்தோடுதான் குடும்பம் நடத்தியாக வேண்டும்.

யூலிஷும் தைசன்குரூப் விடிஎம் நிறுவனமும் சேர்ந்து குரோஃபர் 22 என்ற எஃகை உருவாக்கின. 22 சதவீத அளவுக்குக் குரோமியம், சிறிது மாங்கனீசு, லாந்தனம். சூட்டில் மாங்கனீசு மேலேறி வந்து, குரோமியத்தோடு சேர்ந்து வெளிப்படலமாகிறது. ஆவியாவது குறைகிறது, நிற்பதில்லை. அதனால் மேலே ஒரு பூச்சு. 2007இல் ஓடவிட்ட அந்தப் பழைய அடுக்கில் மாங்கனீசு ஆக்சைடுத் தூளைத் திரவத்தில் கலந்து தெளித்தார்கள். பின்னால் வந்த ஓர் அடுக்கில் மாங்கனீசு, கோபால்ட், இரும்பு ஆக்சைடைப் பிளாஸ்மாச் சுடரில் உருக்கி அடித்தார்கள். படலம் இன்னும் நெருக்கமாக அமைந்தது.

பழையதில் ஆயிரம் மணி நேரத்துக்குச் சுமார் 0.5 சதவீத மின்னழுத்தம் குறைந்தது, புதியதில் 0.3. அற்ப வித்தியாசம் போலத் தோன்றும். 40,000 மணி நேரத்துக்குக் கணக்குப் போடுங்கள்: ஒன்று 20 சதவீதம் இழக்கும், மற்றது 12. இந்த மிச்சத்துக்குப் பூச்சு முக்கியக் காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

விலைதான் இடிக்கிறது. பிளாஸ்மாத் தெளிப்பு தகடு தகடாகச் செய்யும் வேலை. ஸ்வீடனில் கோபால்ட்டும் சீரியமும் முன்கூட்டியே பூசிய எஃகுச் சுருளைத் தயாரிப்பது இதற்காகத்தான்.

நாளை உங்கள் ஆலைக்கோ மருத்துவமனைக்கோ இந்தக் கலத்தை விற்க யாராவது வந்தால், திறன் எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆயிரம் மணி நேரத்துக்கு எவ்வளவு இழக்கும், தகட்டின் மேல் என்ன பூச்சு என்றும் கேளுங்கள்.