பல் டாக்டர் சீட்டில் '46' என்று எழுதியிருக்கா? வாயில் மொத்தமே 32 பல்தானே!

பல் வலி என்று கிளினிக்குக்குப் போகிறோம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர் சீட்டில் '46 - ரூட் கெனால்' என்று எழுதுகிறார். ஞானப்பல்லையும் சேர்த்தால்கூட வாயில் இருப்பது 32 பற்கள்தான். அப்புறம் எப்படி 46?

அது 46-வது பல் இல்லை. நாற்பத்தாறு என்று சேர்த்துப் படிக்காமல் 'நான்கு, ஆறு' என்று பிரித்துப் படிக்க வேண்டும். அதுதான் அந்தப் பல்லின் முகவரி.

முதல் எண் தெரு, அடுத்தது கதவு எண்

மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4 என வாய் நான்காகப் பிரிக்கப்படுகிறது. வலது, இடது என்பது நோயாளியின் பக்கம். எதிரே நிற்கும் டாக்டரின் பக்கம் அல்ல.

இரண்டாவது எண், முன்பக்க நடுவிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு போவது. 1, 2 வெட்டுப்பற்கள். 3 கோரைப்பல். 4, 5 முன்கடைவாய்ப்பற்கள். 6, 7 கடைவாய்ப்பற்கள். கடைசியாக 8, ஞானப்பல். அப்படியென்றால் 46 என்பது கீழ் வலதில் ஆறாவது பல். எஃப்.டி.ஐ. எனும் உலக பல் மருத்துவக் கூட்டமைப்பின் முறை இது.

பல்லை எடுத்தால் எண் மாறுமா?

மாறாது. 45-ஐ ஏற்கனவே எடுத்திருந்தாலும் 46 எப்போதும் 46தான். வெறுமனே எண்ணினால் தப்பாகிவிடும் என்பதால் டாக்டர்கள் வடிவத்தையும் பார்ப்பார்கள். வெட்டுப்பல் உளி மாதிரி இருக்கும். கோரைப்பல்லுக்கு ஒரே கூர்முனை. கடைவாய்ப்பல்லில் பல மேடுகள் இருக்கும். வேரும் அடையாளம்தான்: மேல் கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர், கீழே உள்ளதற்கு இரண்டு.

உள்ளே என்ன இருக்கு?

ஈறுக்கு மேலே தெரிவது பல்லின் தலைப்பகுதி. அதை மூடியிருக்கும் எனாமல்தான் உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் அதில் உயிருள்ள செல்கள் கிடையாது. உடைந்து போனால் திரும்ப வளராது. அதற்கு அடியில் டென்டின். நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பல்கூழ். சொத்தை டென்டினைத் தொட்டால் கூச்சம் வரும். பல்கூழ் வரை போனால்தான் ராத்திரி தூங்கவிடாத அந்த வலி. அந்தக் கூழை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பதுதான் ரூட் கெனால்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய பல்

குழந்தைகளின் 20 பால்பற்களுக்கு முதல் எண் 5 முதல் 8 வரை. இரண்டாவது எண் 1 முதல் 5 வரை. கீழ் வலதின் கடைசி பால்பல் 85. அதற்குப் பின்னால், சுமார் 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலே ஒரு புதுப்பல் முளைக்கும். அதுதான் 46. நான்கு பக்கமும் இப்படி ஒன்று வரும்: 16, 26, 36, 46.

எதுவும் விழாமல் வருவதால் 'இதுவும் பால்பல்தான், விழுந்து முளைக்கும்' என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அது நிரந்தரப் பல். போனால் வேறு வராது. அதன் மேல்பரப்பில் உள்ள குழிகளில் உணவு தங்கி, சீக்கிரமே சொத்தை விழவும் வாய்ப்பு அதிகம். குழந்தையின் சீட்டில் இரண்டாவது எண் 6 என்றிருந்தால் அலட்சியம் வேண்டாம்.

அமெரிக்காவில் வேற கணக்கு

அமெரிக்காவில் 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணுகிறார்கள். நம்ம 46 அங்கே 30. நம்ம ஊரில் 16 என்றால் மேல் வலது கடைவாய்ப்பல். அங்கே 16 என்றால் மேல் இடது ஞானப்பல்! அங்கிருந்து ரிப்போர்ட் கொண்டு வருபவர்கள் எந்த முறை என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம்.

பல்லை எடுப்பதற்கு முன் சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து, 'இந்தப் பல்தானே டாக்டர்?' என்று விரல் வைத்துக் காட்டிக் கேளுங்கள். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. எடுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.