இளைப்பாற ஓர் இருக்கை

புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு அருகில், ஆளுநர் மாளிகைக்கு எதிரே அமைந்துள்ளது பாரதி பூங்கா. அதன் நடுவே நிற்கும் வெண்ணிற ஆயி மண்டபம், பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக எழுப்பப்பட்டது. தம் வீட்டை இடித்துக் குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஆயி என்னும் பெண்ணின் பெயரை அது தாங்கி நிற்கிறது. தூய நீரே ஒரு நகரின் முதல் மருந்து.

ஒரு மருத்துவராக அங்கு என் கண்ணில் முதலில் படுபவை, மரநிழலில் உள்ள இருக்கைகளே. மாரடைப்பிலிருந்து மீண்டவர்கள் பலர், வழியில் இயலாமற்போனால் என்ன செய்வது என்று அஞ்சியே நடக்கத் தயங்குகின்றனர். உட்கார இடமிருந்தால் அந்த அச்சம் குறையும்.

எனவே, மருத்துவர் அனுமதித்த பின், அனகாபுத்தூரில் உங்கள் வீட்டருகே உட்கார வசதியுள்ள சமதளப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். முதலில் 5 நிமிடங்கள் போதும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே சரியான வேகம். நீரிழிவு உள்ளோர் கடற்கரை மணலிலும் காலணியைக் கழற்ற வேண்டாம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே அமருங்கள்; 5 நிமிட ஓய்விலும் தணியாவிடில் 108-ஐ அழையுங்கள்.

உடன் செல்வோர் அவசரப்படுத்த வேண்டாம். அமர்ந்து, எழுந்து, மீண்டும் நடப்பதும் நடைப்பயிற்சியே.