சிறுநீர்த் தொற்றும் மருந்துக்கு அடங்காக் கிருமிகளும்

முன்னொரு காலத்து ஒரு நோயைத் தீர்த்த மருந்து பின்னொரு காலத்து அதனைத் தீர்க்காது போதல் உண்டு. மருந்தின் வீரியம் குன்றியதென்று கருதுகின்றோம். மாறியது மருந்தன்று, கிருமியே. வைத்தியசாலையில் தங்கியுள்ள நோயாளரிடத்துக் காணப்படும் சிறுநீர்த் தொற்று இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இத்தொற்றைப் பெரும்பாலும் விளைப்பது எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியா. நம் குடலிலே பொதுவாகத் தீங்கின்றி வாழ்வது. ஏற்ற சூழலில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கொருமுறை இரண்டாகப் பிரியும். இங்ஙனம் பெருகுங்கால் கோடிக்கணக்கானவற்றுள் ஒன்றிரண்டு மருந்தை எதிர்க்கும் இயல்போடு தோன்றுதல் கூடும். நுண்ணுயிர்க்கொல்லியை உட்கொண்டதும் ஏனையவை மடிய, இவை எஞ்சிப் பெருகுகின்றன. அன்றியும், இவ்வியல்பைத் தாங்கும் பிளாசுமிட்டு என்னும் நுண்வளையம் ஒரு கிருமியினின்று பிறிதோர் இனக் கிருமிக்குஞ் செல்ல வல்லது. ஆதலின் அண்மையில் நுண்ணுயிர்க்கொல்லி உட்கொண்டவர்க்கு இடர் மிகுதி. 2010இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த தொகுப்பாய்வொன்று, அத்தாக்கம் முதல் மாதத்தில் வலிதாயிருந்து ஓராண்டு வரை நீடிக்கலாமெனக் காட்டிற்று. தடிமனுக்கென்று வீணே விழுங்கிய குளிசையும் இக்கணக்கிற் சேரும்.

முதுமை, நீரிழிவு, சிறுநீர் வழியிற் கல் முதலிய தடை, நெடுநாள் வைத்தியசாலை வாசம் என்பனவும் காரணிகளே. ஆயின் இவற்றுட் பல நம் கையில் இல்லாதவை. நம் கையிலுள்ளது கதீற்றர், அஃதாவது சிறுநீர்ப்பையுட் செலுத்தி வைக்கும் குழாய்.

1958இல் அமெரிக்க வைத்தியப் பேராசிரியர் போல் பீசன் 'கதீற்றருக்கு எதிரான வழக்கு' என்னுந் தலைப்பில் ஓர் உரை எழுதினார். அக்காலத்திற் குழாயின் மறுமுனை திறந்த போத்தலிலே கிடந்தது. சில நாட்களுள் ஏறக்குறைய எல்லா நோயாளர் சிறுநீரிலும் கிருமிகள் புகுந்தன. பின்னர் மூடிய பை வழக்கிற்கு வந்ததும் நிலைமை திருந்திற்று. எனினும் குழாய் உள்ளிருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேர் புதிதாகக் கிருமியை ஏற்கின்றனர். 30 நாள் கழியின் தப்புவோர் அரியர். கிணற்றுப் படியிற் பாசி போலக் கிருமிகள் குழாயின் சுவரிலே படலம் அமைத்து உறைகின்றன. அப்படலத்துள் மருந்து எளிதில் வேலை செய்வதில்லை.

ஈண்டு ஒரு பிழையும் நேர்வதுண்டு. காய்ச்சலோ நோவோ இல்லாதிருக்கவும், சிறுநீரிற் கிருமி உண்டென்ற அறிக்கையைக் கண்டு மருந்து கொடுத்து விடுகின்றனர். கர்ப்பிணிகள், சிறுநீர் வழியிற் சத்திரசிகிச்சை பெறவிருப்போர் முதலிய சிலரை விடுத்தால், ஏனையோர்க்கு இதனாற் பயன் காண்பது அரிது. எதிர்ப்புக் கிருமிகளே வளர்க்கப்படுகின்றன.

நிற்க. என் பெரியதாயார் இடுப்பெலும்பு முறிந்து வைத்தியசாலையிற் கிடந்தகாலை, இரவில் அவரை எழுப்ப வேண்டியதில்லையே என்று குழாயை இன்னுஞ் சில நாள் விட்டுவைக்குமாறு தாதியரை வேண்டியவர்கள் உறவினராகிய நாங்களே. ஒன்பதாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. முதலிற் கொடுத்த இரு மருந்துகளும் பயன்தரவில்லை. சிறுநீரை வளர்த்துச் சோதித்த பின்னர், குழாயை அகற்றி, வேறோர் ஊசிமருந்தேற்றினர். முறிவு பொருந்தத் தொடங்கிய பின்னும் இத்தொற்றின் பொருட்டே அவர் மேலும் இரு வாரம் அங்கே தங்க நேர்ந்தது.