லூப் போட்ட பின் என்ன நடக்கும்? எமது சகோதரிகள் அறிந்திருக்க வேண்டியவை

பிள்ளைகளுக்கிடையில் இடைவெளி வேண்டும் என்பதற்காக எமது ஊர்களில் பல தாய்மார் லூப் பாவிக்கிறார்கள். ஆனால் அதைப் பற்றி வாய்திறந்து கேட்க வெட்கம். கிளினிக்கில் கூட்டம் வேறு. பிறகு இரத்தப்போக்கு கொஞ்சம் கூடியவுடன் சிலர் பயந்துபோய் கழற்றிவிடுகிறார்கள். வேறு சிலர் யாரிடமும் சொல்லாமல் சகித்துக்கொண்டு, இரத்தச்சோகை வரும்வரை இருந்துவிடுகிறார்கள். முன்கூட்டியே விளங்கியிருந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

எமது நாட்டு அரச கிளினிக்குகளில் இலவசமாகப் போடப்படுவது செப்பு லூப். ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவிலான சிறிய பிளாஸ்டிக் துண்டில் செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அதில் ஹோர்மோன் கிடையாது. செப்பு, விந்தணுவின் இயக்கத்தைக் கெடுத்து, பிரதானமாகக் கரு உருவாகும் முன்னரே தடுக்கிறது. 100 பெண்கள் ஒரு வருடம் பாவித்தால் கர்ப்பமாகக் கூடியவர் ஒருவருக்கும் குறைவு. 10 வருடங்கள் வரை பயன் தரும்.

போடுவதற்கு சில நிமிடங்களே எடுக்கும். அந்நேரம் அடிவயிற்றில் பிடிப்பு, சிலருக்குத் தலைச்சுற்று வரலாம். அடுத்த ஓரிரு நாட்கள் மாதவிடாய் வலியைப் போன்ற வலி இருக்கும். முதல் 3 முதல் 6 மாதங்கள்தான் பொறுமை தேவைப்படும் காலம். மாதவிடாய் கூடுதலாகவும் நீண்டும் போகலாம், இடையில் சொட்டுச் சொட்டாக இரத்தம் படலாம். பெரும்பாலானோருக்கு இது படிப்படியாகக் குறையும். குறையாவிட்டால் வலிக்கும் இரத்தப்போக்குக்கும் மருந்துண்டு. களைப்பும் மூச்சுவாங்கலும் இருந்தால் இரத்தத்தைப் பரிசோதித்து இரும்புச்சத்து மாத்திரை எடுக்க வேண்டும்.

இங்கே எமது பெண்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு: தொழுகை, நோன்பு. இரத்தம் கண்டால் எல்லாமே ஹைழ் என்று நினைத்து வாரக்கணக்கில் தொழுகையை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் ஹைழின் ஆகக்கூடிய காலம் 15 நாட்கள். அதைத் தாண்டித் தொடர்ந்தால் இஸ்திஹாழாவின் சட்டம் வருகிறது. இஸ்திஹாழாவில் தொழுகையும் நோன்பும் கடமை. சுத்தம் செய்து, பாதுகாப்பாகத் துணி வைத்து, ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்த பின் வுழூச் செய்து தொழ வேண்டும். எந்த நாட்களை ஹைழாகக் கணக்கிடுவது என்பது அவரவரின் வழமையான நாட்களையும் பொறுத்தது. எனவே லூப் போட்ட நாளிலிருந்து இரத்தம் கண்ட திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆலிமாவிடம் மார்க்கத் தீர்ப்புக் கேட்கவும் வைத்தியரிடம் காட்டவும் அந்த ஒரே கொப்பி உதவும்.

ஆகுமா, ஆகாதா என்ற கேள்விக்கு, நபித்தோழர்கள் அஸ்ல் செய்தமை பற்றிய ஜாபிர் (ரழி) அவர்களின் அறிவிப்பை வைத்து, கணவன் மனைவி இருவரின் சம்மதத்தோடு தற்காலிகமாகத் தடுப்பதை அறிஞர்களில் பலர் அனுமதிக்கிறார்கள். ஆட்சேபிப்பவர்களும் உண்டு. நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் கேட்டு மனத்தெளிவு பெறுங்கள். லூப்பையும் எல்.ஆர்.டி. சத்திரசிகிச்சையையும் மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்.ஆர்.டி. நிரந்தரமானது. லூப்பைக் கழற்றியவுடன் கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பிவிடும்.

லூப் நெஞ்சுக்கு ஏறும், புற்றுநோய் தரும் என்பவை வெறும் கதைகள். ஆனால் ஆபத்தே இல்லை என்பதும் சரியல்ல. முதல் சில மாதங்களில் அது தானாக வெளியே வந்துவிடலாம். ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில், போடும்போது கர்ப்பப்பைச் சுவரில் துளை ஏற்படலாம். ஆகவே நூல் இருக்கிறதா என்று மாதவிடாய் முடிந்தபின் பாருங்கள். நூல் கணவருக்கு உறுத்தினால் கிளினிக்கில் குறைத்து வெட்டிவிடுவார்கள்.

பின்வருபவை இருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள்:

- மாதவிடாய் தள்ளிப்போதல். அரிதாகக் கர்ப்பம் தரித்தால் அது கர்ப்பப்பைக்கு வெளியே இருக்கும் சாத்தியம் கூடுதல்.
- கடுமையான அடிவயிற்று வலி
- காய்ச்சலும் துர்நாற்றமுள்ள வெள்ளைபடுதலும்
- நூல் காணாமற்போதல், நீளமாகத் தெரிதல் அல்லது கடினமான பிளாஸ்டிக் தட்டுப்படுதல்
- தாங்க முடியாத இரத்தப்போக்கு

எல்லோருக்கும் லூப் பொருந்தாது. காரணம் தெரியாத இரத்தப்போக்கு, கர்ப்பப்பையில் தொற்று, கர்ப்பப்பையின் வடிவத்தை மாற்றிய கட்டி உள்ளவர்கள் போடக்கூடாது. ஏற்கெனவே மாதவிடாய் மிக அதிகமாக உள்ளவர்களும் இரத்தச்சோகை உள்ளவர்களும் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். அவர்களுக்கு வேறு முறைகள் உண்டு. பெண் வைத்தியர்தான் வேண்டும் என்றால், எந்த நாளில் இருப்பார் என்று உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் தயங்காமல் கேளுங்கள்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கிடையிலான இடைவெளி இருவரின் முடிவு என்றால், அதன் சிரமமும் இருவருடையதுதான். கிளினிக்குக்குக் கூடப் போங்கள். முதல் மாதங்களில் வீட்டு வேலையில் கைகொடுங்கள். அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கழற்றும்படி கேட்பது அவளது உரிமை. அதற்கு நீங்கள் தடையாக இருக்காதீர்கள்.