மழைக்கு ஏது விருப்பம்?

செர்பியா, குரோவேஷியா, பொஸ்னியா, மான்டினீக்ரோ ஆகிய நாடுகளில் வெவ்வேறு பெயர்களில் வழங்கும் செர்போ-குரோவேஷிய மொழியில், 'விரும்பு' என்ற பொருளுள்ள வினைச்சொல் 'ஹ்தெத்தி'. 'விரும்புகிறேன்' என்பதற்கு 'ஹொச்சு', 'விரும்புகிறாய்' என்பதற்கு 'ஹொச்செஷ்', 'விரும்புகிறோம்' என்பதற்கு 'ஹொச்செமொ'. இவற்றின் முன்பாதி உதிர்ந்து 'ச்சு', 'ச்செஷ்', 'ச்செமொ' என்று எஞ்சினால், அவையே எதிர்காலம் காட்டும் துணைவினைகள். 'சூத்ரா ச்சு தோச்சி' என்றால் 'நாளை வருவேன்'. ஓசை ஒற்றுமை தற்செயலாகவும் இருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் இன்றைய செர்போ-குரோவேஷியத்தில் 'நான்' என்ற எழுவாய்க்கு நிகழ்கால வினைகள் ஏறக்குறைய எல்லாமே 'ம்' என்று முடிகின்றன. 'உ' என்ற பழைய ஸ்லாவிய ஈற்றைப் பொதுவழக்கில் விடாமல் வைத்திருப்பவை இரண்டே: 'முடியும்' எனப் பொருள்படும் 'மொகு', பிறகு நம் 'ஹொச்சு'. அந்த அரிய ஈறு 'ச்சு'விலும் அப்படியே நிற்கிறது. இரண்டும் ஒரே வினை என்பதற்கு இதைவிட உறுதியான சான்று தேவையில்லை. ரஷ்ய மொழியில் 'விரும்புகிறேன்' என்பது 'ஹச்சூ'. உறவு காதிலேயே கேட்கும்.

விருப்பம் எப்படி எதிர்காலமாகும்? ஒன்றைச் செய்ய விரும்புகிறவன் பெரும்பாலும் அதைச் செய்யப்போகிறவன்தான். அந்த ஊகம் பழகப் பழக, விருப்பம் பின்வாங்கிக் காலம் மட்டும் மிஞ்சுகிறது. 'கிஷா ச்செ பாதத்தி', அதாவது 'மழை பெய்யும்', என்று சொல்லும்போது மழைக்கு விருப்பம் இருப்பதாக எவரும் நினைப்பதில்லை. நம் 'செய்ய வேண்டும்' பேச்சில் 'செய்யணும்' ஆனதும் ஏறத்தாழ இதே வழி. அங்கேயும் 'வேண்டு' தேய்ந்து வாலாகிவிட்டது. ஆனாலும் பிரிவு முழுமையானதல்ல. 'ஹொச்செஷ் லி தோச்சி?' என்ற கேள்விக்கு 'வருவாயா?' என்றும், 'வர விருப்பமா?' என்றும் இடம்பார்த்துப் பொருள்கொள்ள வேண்டும். இதை எதிர்ச்சான்றாகக் காட்டுவோர் உண்டானால், எனக்கு அது ஆதரவாகவே படுகிறது. பாதி வழியில் இருப்பதால்தான் வந்த வழி தெரிகிறது.

விருப்பத்தை எதிர்காலமாக்குவது கிரேக்கத்திடம் வாங்கிய பழக்கம் என்ற வாதம் இன்னும் வலுவானது. கிரேக்கத்தின் எதிர்காலக் குறி 'தா', 'தெலோ' என்ற விருப்ப வினையிலிருந்து வந்தது. பல்கேரிய, ருமேனிய, அல்பேனிய மொழிகளிலும் கதை அதுவே. மறுபக்கம், உறவு மொழியான ஸ்லோவேனியமோ 'இரு' வினையைக் கொண்டே எதிர்காலத்தைச் சொல்கிறது. ஆகவே அண்டை மொழிகளின் செல்வாக்கை மறுக்க முடியாது. ஆனால் இம்மொழிகள் வழங்கும் பால்கன் பகுதிக்குச் சம்பந்தமே இல்லாத ஆங்கிலத்தின் 'வில்' என்பதும் ஒரு காலத்தில் விருப்பத்தையே குறித்தது. எனவே பாதை பொதுவானது. அண்டை மொழிகள் அதில் நடக்கத் தூண்டின என்பதே பொருத்தமான முடிவு. தேய்வு இன்னும் ஓயவில்லை. 'வேலை செய்வேன்' என்பதைக் குரோவேஷியர் 'ராதித் ச்சு' என்று பிரித்தும், செர்பியர் 'ராதிச்சு' என்று சேர்த்தும் எழுதுகிறார்கள். இருவரும் உச்சரிப்பது 'ராதிச்சு' என்றுதான்.