நான்கு அடி ஜன்னலுக்கு ஒரு பழைய புடவை

தையல் பழக வருகிறவர்களுக்கு முதலில் ஜபலா, அடுத்து பாவாடை, அப்புறம் ரவிக்கை என்று ஒரு வரிசை உண்டு. ரவிக்கை வந்ததும் கழுத்து வளைவு, கை வெட்டு, டாட் என்று திணறி, மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டவர்கள் ஏராளம். நம் வீடுகளில் எத்தனை மிஷின்கள் இஸ்திரித் துணி அடுக்கும் மேசையாக நிற்கின்றன! அவர்களுக்கெல்லாம் என் சிபாரிசு ஜன்னல் திரை. வளைவே கிடையாது, எல்லாம் நேர்த்தையல். அரை அங்குலம் கூடிக் குறைந்தாலும் யார் தோளையும் பிடிக்காது.

துணிக்காகக் கடைக்கு ஓட வேண்டாம். பீரோவில் கட்டாமல் கிடக்கும் பருத்திப் புடவை போதும். அதன் நீளவாக்கு ஓரங்கள் இரண்டும் தறியிலேயே கரை கட்டி வந்தவை. பிசிறு வராது, மடித்து அடிக்கும் வேலை மிச்சம். பலமுறை துவைத்த புடவை சுருங்குகிற மட்டும் சுருங்கி, சாயம் போகிற மட்டும் போயிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் நைந்து தெரிந்தால் அது வேண்டாம், வெயில் சீக்கிரம் கிழித்துவிடும்.

இனி கணக்கு. ஜன்னல் 4 அடிக்கு 4 அடி என்று வைத்துக்கொள்வோம். சட்டத்துக்கு 4 அங்குலம் மேலே ராடு, கீழே 6 அங்குலம் இறக்கம், ஆக 58. மேல்மடிப்புக்கும் கீழ்மடிப்புக்கும் சேர்த்து 7 போட்டால் ஒரு துண்டு 65 அங்குலம். ஐந்தரை மீட்டர் புடவை என்பது ஏறக்குறைய 216 அங்குலம். மூன்று துண்டு வெட்டியபின் முந்தானைப் பக்கம் 21 அங்குலம் மிஞ்சும். புடவையின் அகலம் 45, 46 இருக்குமாதலால் இரண்டு துண்டு சேர்ந்தால் ஜன்னல் அகலத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த இரண்டு மடங்கில் கை வைக்காதீர்கள். 48 அங்குல ஜன்னலுக்கு 48 அங்குலத் துணியே போதுமென்று சிக்கனம் பிடித்தால், கொடியில் காயப்போட்ட போர்வை மாதிரி தொங்கும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ராடு நுழையும் மடிப்பு. ஒரு அங்குல ராடுதானே என்று ஒரு அங்குலம் விட்டுத் தைத்தால் உள்ளே போகாது. ஒரு அங்குல ராடின் சுற்றளவு மூன்றுக்கும் மேல்; தட்டையாக மடித்த துணியில் அதில் பாதியாவது வேண்டும், தாராளமாக நகர்வதற்கும் இடம் வேண்டும். இரண்டேகால் அங்குலம் விடுங்கள். இருபுறமும் கொக்கி மாட்டும் ஸ்பிரிங் கம்பிக்கு ஒரு அங்குலமே போதும். ஆனால் அகல ஜன்னலில் அந்தக் கம்பி நடுவில் தொய்யும்.

கத்திரிக்கோலை நம்பி நேராக வெட்டியவர்கள் குறைவு. வெட்ட வேண்டிய இடத்தில் ஊடை நூல் ஒன்றை மெதுவாக உருவுங்கள். அது விட்டுப்போன தடமே கோடு. மெல்லிய பருத்தியானால் ஓரத்தில் சின்னதாக வெட்டிக் கிழித்தாலும் நேராக வரும், ஜவுளிக்கடைக்காரர் கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜரிகைக் கரையை மட்டும் கிழிக்காதீர்கள்.

தைப்பதைவிட இஸ்திரிக்கே அதிக நேரம் ஆகும், ஆகட்டும். அரை அங்குலம் உள்ளே மடித்துத் தேய்த்து, மறுபடி இரண்டேகால் மடித்துத் தேய்த்து, குண்டூசி குத்தினால் பாதி வேலை முடிந்தது. 14ஆம் நம்பர் ஊசி, கொஞ்சம் பெரிய தையல். தொடக்கத்திலும் முடிவிலும் நாலு தையல் பின்னோக்கி அடியுங்கள், இழுபடுவது அங்கேதான். துணியைக் கையால் இழுக்க வேண்டாம், அடியில் இருக்கும் பல் நகர்த்திக்கொள்ளும்.

கீழ்மடிப்பை உடனே அடிக்காதீர்கள். டாக்கா, அதாவது பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல், போட்டு மாட்டி, இரண்டு நாள் தொங்க விடுங்கள். துணி தன் கனத்தில் சற்று இறங்கும். பிறகு தரையிலிருந்து அளந்து சமன்செய்து, ஃபால்ஸ் அடிக்கிற மாதிரி கையால் தைத்தால் வெளியில் தையலே தெரியாது.

புதுத்துணிதான் வேண்டுமென்றால் திரைத்துணிக்குப் பேர்போன கரூர் இருக்கிறது. 48 பன்னா, 54 பன்னா என்று அகலம் கேட்டு வாங்குங்கள். பருத்தியானால் நனைத்து உலர்த்தியபின்தான் வெட்ட வேண்டும். 65 அங்குலத்தில் இரண்டு மூன்று அங்குலம் சுருங்குவது சாதாரணம். பாலியெஸ்டர் சுருங்காது, ஆனால் மிஷினில் வழுக்கும், பழகுகிற கைக்கு ஆகாது. மேற்கு பார்த்த ஜன்னலென்றால் பின்னால் ஒரு வெள்ளைத் துணி லைனிங் கொடுங்கள். சாயம் கூடுதல் நாள் தாங்கும்.

மூன்றாவது துண்டைச் சமையலறையில் மாட்டத் தோன்றும். அடுப்பை ஒட்டிய ஜன்னலென்றால் மாட்டாதீர்கள். தள்ளியிருக்கும் ஜன்னலானால் பாதி உயரத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் கழற்றித் துவைப்பதும் சுலபம்.